பிஸ்டனுக்கு நாடு கிடையாது

மோட்டோகிராஸ் வண்டி வாங்க நினைக்கும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான். நீண்ட நாள் உழைக்க வேண்டுமா, ஜப்பான் வண்டி எடு. பந்தயம் ஜெயிக்க வேண்டுமா, ஆஸ்திரியாவின் கேடிஎம் எடு. ஆனால் அது செலவு வைக்கும். கலிஃபோர்னியாவின் களிமண் டிராக்கிலும் பெல்ஜியத்தின் மணல் டிராக்கிலும் இதே பேச்சுதான். கூடவே ஒரு துணைவிதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: போன வருடம் எந்த நிறுவனத்தின் வண்டி சாம்பியன் ஆனதோ, இந்த வருடம் வாங்கத் தகுந்தது அதுதான். விற்பவர் இதைச் சொல்கிறார், இதழ்கள் சொல்கின்றன, வருடக்கணக்காக ஓட்டிப் பழகியவர்களும் சொல்கிறார்கள்.

இரண்டும் தவறு என்பது என் கட்சி. பாதி உண்மை, பாதி மிகை என்று சமரசம் பேசும் அளவுக்குக்கூட இதில் சரக்கு இல்லை. ஒரு வண்டியின் வேகத்தையோ ஆயுளையோ அதன் டாங்கில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துக் கணிக்க முடியாது. முடியும் என்று நம்புகிறவர்கள் பணத்தை இழக்கிறார்கள், சிலர் எலும்பையும் முறித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சாம்பியன் பட்டியலிலிருந்து தொடங்குகிறேன். எதிர்க்கட்சியினர் பெரிதாக நம்பியிருக்கும் சாட்சி அதுதான்.

பெல்ஜியத்தின் ஸ்டெஃபான் எவர்ட்ஸ் பத்து முறை உலக சாம்பியன். 1991-இல் 125 சிசி பிரிவில் சுஸுகி. 1995-இல் 250 சிசி பிரிவில் கவாசாகி. 1996, 1997 இரண்டு வருடமும் ஹோண்டா. 2001 முதல் 2006 வரை தொடர்ந்து ஆறு பட்டங்கள், எல்லாம் யமஹாவில். ஜப்பானின் நான்கு நிறுவனங்களும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. இதிலிருந்து எந்த வண்டி சிறந்தது என்று யாராவது தேர்ந்து சொல்ல முடியுமா? எவர்ட்ஸ் ஏறிய வண்டி ஜெயித்தது என்பதைத் தவிர இந்தப் பட்டியலில் வேறு செய்தி இல்லை.

அமெரிக்காவில் ரிக்கி கார்மைக்கேல். 2000 முதல் 2006 வரை ஏழு வருடம் திறந்தவெளி மோட்டோகிராஸின் உயர்பிரிவுப் பட்டத்தை வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் இரண்டு வருடம் கவாசாகி, அடுத்த மூன்று வருடம் ஹோண்டா, கடைசி இரண்டு வருடம் சுஸுகி. 2002-இல் ஹோண்டாவின் டூ ஸ்ட்ரோக் வண்டியில் அந்தப் பருவத்தின் 24 ஓட்டங்களையும் வென்றார். 2004-இல் அதே நிறுவனத்தின் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் மறுபடியும் 24-க்கு 24. அப்போது ஹோண்டாவை அசைக்க முடியாது என்று பேசினார்கள். அடுத்த வருடம் அவர் சுஸுகிக்கு மாறினார். பட்டமும் கூடவே மாறியது. ஹோண்டா தொழிற்சாலை ஒரே குளிர்காலத்தில் வண்டி செய்ய மறந்துவிட்டதா?

இது பழைய கதை, இப்போது நிலைமை வேறு என்பார்கள். இப்போதைய கதையையே பார்க்கலாம். ஈலை டோமாக் 2017 முதல் 2019 வரை மூன்று வருடம் திறந்தவெளிப் பட்டத்தைக் கவாசாகியில் வென்றார், 2020-இல் விளையாட்டரங்குகளில் நடக்கும் சூப்பர்கிராஸின் பட்டத்தையும் அதிலேயே வென்றார். 2022-இல் யமஹாவுக்கு மாறினார். மாறிய முதல் வருடமே சூப்பர்கிராஸும் திறந்தவெளியும் இரண்டுமே அவர் கையில். கூப்பர் வெப் 2019-லும் 2021-லும் கேடிஎம்மில் சூப்பர்கிராஸ் சாம்பியன். 2025-இல் யமஹாவில் சாம்பியன். சேஸ் செக்ஸ்டன் 2023-இல் ஹோண்டாவில் சூப்பர்கிராஸ் பட்டம், அடுத்த வருடம் கேடிஎம்மில் திறந்தவெளிப் பட்டம். ஆள் போகும் இடத்துக்குப் பட்டம் போகிறது. இருபது, முப்பது வருடங்களாக இது மாறவே இல்லை.

இதில் என் மனதுக்கு மிக நெருக்கமானது கென் ராக்ஸனின் கதை. சுஸுகியின் ஆர்எம்-இசட் 450 என்ற வண்டிக்கு 2018-க்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. மற்ற நிறுவனங்கள் எல்லாம் செல்ஃப் ஸ்டார்ட்டுக்குப் போன பிறகும் அதற்குக் கிக்கர்தான். பந்தயத்தில் விழுந்து எஞ்சின் அணைந்துபோனால் மற்றவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்புவார்கள்; சுஸுகிக்காரர் வண்டியை நிமிர்த்தி, காலால் கிக்கரைத் தேடி, சூடான எஞ்சினை உதைத்துக் கிளப்ப வேண்டும். அதற்குள் நாலைந்து பேர் கடந்து போய்விடுவார்கள். ஒப்பீட்டுக் கட்டுரைகள் அந்த வண்டியை வருடா வருடம் கடைசி இடத்திலோ அதையொட்டியோ வைத்தன. ராக்ஸன் ஹோண்டாவை விட்டு அந்த வண்டிக்கு வந்தார். வந்தது சுஸுகியின் ஆதரவில் ஓடிய ஒரு தனியார் அணிக்கு, பெரிய தொழிற்சாலை அணிக்கு அல்ல. 2023 மார்ச்சில் இண்டியானாபோலிஸ் சூப்பர்கிராஸில் அதே வண்டியில் முதலிடம் பிடித்தார். "கடைசி வண்டி" அன்றைக்கு எல்லா "முதல் வண்டி"களையும் பின்னால் விட்டது. அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகும் தரவரிசை பேசுகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. கேடிஎம்மின் எழுச்சியை என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள். 2012-க்கு முன் அமெரிக்காவின் உயர்பிரிவில் ஒரு பட்டம்கூட இல்லாத நிறுவனம் அது. அந்த வருடம் ரயன் டஞ்சி பீனிக்ஸில் அவர்களுக்கு முதல் உயர்பிரிவு சூப்பர்கிராஸ் வெற்றியைத் தேடிக்கொடுத்தார். திறந்தவெளிப் பட்டத்தையும் கொடுத்தார். 2015 முதல் 2017 வரை தொடர்ந்து மூன்று சூப்பர்கிராஸ் பட்டங்கள். வண்டி மேம்பட்டதால்தானே இதெல்லாம் நடந்தது?

ஆமாம், மேம்பட்டது. எப்படி மேம்பட்டது என்பதுதான் கேள்வி. 1970-களில் சுஸுகியில் ஐந்து முறை 500 சிசி உலக சாம்பியனாக இருந்தவர் ரோஜர் டிகோஸ்டர். பிறகு அமெரிக்காவில் ஹோண்டா அணியிலும் சுஸுகி அணியிலும் பொறுப்பில் இருந்தார். டஞ்சி 2010-இல் சுஸுகியில் இரண்டு பட்டங்களையும் வென்றபோது அந்த அணியை நடத்தியவர் அவர். அந்த மனிதர்தான் கேடிஎம்முக்குப் போனார். டஞ்சியும் அவர் பின்னால் போனார். ஆஸ்திரியப் பொறியாளர்கள் டிகோஸ்டரின் சொல்லுக்குக் காதுகொடுத்து 450 சிசி வண்டியைப் புதிதாகச் செய்தார்கள்; பருவத்தின் நடுவில் தனிப் பதிப்பாகக் கடைக்கும் கொண்டுவந்தார்கள். ஆக, கேடிஎம் வெற்றி என்று நாம் கைதட்டுவதில் பாதி, சுஸுகியிலிருந்து நடந்துபோன இரண்டு பேருடையது. அதை ஆஸ்திரிய இரும்பின் குணம் என்று எழுதினால் அந்த மனிதர்களின் உழைப்பை மறைப்பதாகிவிடும்.

டுகாட்டி இன்னொரு சாட்சி. மோட்டோகிராஸில் அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும் வரலாறே இல்லை. 2024 மார்ச்சில் மாண்டோவாவில் நடந்த இத்தாலியச் சாம்பியன்ஷிப் சுற்றுக்குத் தங்கள் புதிய 450-ஐ ஓட்டி அலெஸ்ஸாண்ட்ரோ லூபினோவிடம் கொடுத்து அனுப்பினார்கள். வந்த முதல் பந்தயத்திலேயே வென்றது. வண்டியை வளர்த்தெடுத்ததில் ஒன்பது உலகப் பட்டங்கள் பெற்ற அந்தோனியோ கைரோலியின் பங்கும் உண்டு. அவருடைய பட்டங்கள் யமஹாவிலும் கேடிஎம்மிலும் வென்றவை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டிராக்கில் ஓடும் வண்டி கடையில் நிற்கும் வண்டி அல்ல. அமெரிக்காவில் 1986-இல் ஒரு விதி வந்தது. அதற்கு முன் தொழிற்சாலைகள் கையால் செய்த தனிவண்டிகளைக் களத்தில் இறக்கலாம். அதன் பிறகு கடையில் விற்கும் வண்டியின் அடிப்படையில்தான் பந்தய வண்டி இருக்க வேண்டும். சேஸியும் எஞ்சின் கூடும் விற்பனைக்கு வந்தவையாகவே இருக்க வேண்டும். ஆனால் ஃபோர்க், ஷாக், வீல், சைலன்சர், பிஸ்டன், கேம், எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியின் நிரல் என்று வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கும் பெரும்பகுதியை மாற்றிக்கொள்ளலாம். உலகச் சாம்பியன்ஷிப்பிலோ கடைக்கு வராத முன்மாதிரி வண்டிகளையும் ஓட்டலாம். இதற்கு மேல், தொழிற்சாலை அணியில் எஞ்சின் எப்போது திறக்கப்படும் என்பதை மெக்கானிக்கின் நோட்டுதான் முடிவு செய்யும். தேய்மானம் தெரியும் வரை எவரும் காத்திருப்பதில்லை. ஒரு பருவம் முழுக்கப் பழுதில்லாமல் ஓடியது என்று ஒரு தொழிற்சாலை வண்டியைக் காட்டி ஆயுளைப் பேசுவது அர்த்தமற்றது. அந்த எஞ்சின் பருவம் முழுக்க ஓடவே இல்லை.

இதழ்களின் ஒப்பீட்டுச் சோதனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வருடந்தோறும் ஆறேழு 450-களை வரிசையாக நிறுத்தி, சில நாள் ஓட்டி, ஒன்று இரண்டு மூன்று என்று இடம் கொடுக்கிறார்கள். வண்டிகள் புத்தம் புதியவை. பெரும்பாலும் நிறுவனத்தின் ஆட்களே உடன் வந்து ஸ்பிரிங்கையும் கிளிக்கரையும் சரிசெய்து கொடுக்கிறார்கள். உடல் எடைக்கேற்ப ஃபோர்க் ஸ்பிரிங் மாற்றினால் முதலிடமும் நாலாமிடமும் இடம் மாறிக்கொள்ளும் அளவுக்கு இன்றைய வண்டிகள் நெருங்கிவிட்டன. ஓட்டி எழுதுபவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் அளப்பது முதல் சில மணி நேரத்தை. வாங்குபவர் அறுபதாவது மணி நேரத்தில் வாழ வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதை அந்தக் கட்டுரைகள் எங்குமே சொல்வதில்லை. எனக்கு அவர்கள் மேல் இருக்கும் வருத்தம் இதுதான்.

சரி, ஆயுளுக்கு வருவோம்.

இன்றைய 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 14,000 சுற்று வரை போகும். விநாடிக்கு 230 சுற்றுக்கு மேல். ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 116 தடவை திறந்து மூடுகிறது. இத்தனையையும் தாங்க உள்ளே இருப்பது ஒரு லிட்டர் சொச்சம் ஆயில். ரோட்டில் ஓடும் நம் வண்டிகளோடு இதை மனதளவில்கூட ஒப்பிடக் கூடாது. கிலோமீட்டர் கணக்கே இங்கே கிடையாது, மணிக்கணக்குதான். ஹோண்டா தன் சிஆர்எஃப் 250ஆர் வண்டியின் கையேட்டிலேயே, பந்தயத்தில் ஓட்டினால் ஆறு பந்தயத்துக்கு ஒருமுறை அல்லது சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றச் சொல்கிறது. "உழைக்கும் வண்டி" என்று எல்லோரும் கைகாட்டும் நிறுவனத்தின் வாக்கு இது. கேடிஎம்மின் பராமரிப்பு அட்டவணை பிஸ்டனுக்குக் கொடுக்கும் கெடு இதைவிட நீளம். அதை வைத்துக் கேடிஎம்தான் அதிகம் உழைக்கும் என்று நான் வாதிட்டால் அதுவும் பிழையாகத்தான் இருக்கும். ஒரு நிறுவனம் முழுப் பந்தய வேகத்தை மனதில் வைத்து எழுதுகிறது, இன்னொன்று வேறு கணக்கில் எழுதுகிறது. கெடுவை வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம். ஆனால் கெடுவைப் படிக்காமலே குணத்தைச் சொல்கிறவர்கள்தான் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள்.

எஞ்சினைக் கொல்வது எது? பெரும்பாலும் மண். வொர்க்‌ஷாப்பில் ஒரு 250-யின் சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டரை வெளியே எடுப்பதைப் பாருங்கள். ஃபோம் முழுக்கச் செம்மண் அப்பியிருக்கும். அதில் பயமில்லை, அதற்காகத்தான் ஃபில்டர். பார்க்க வேண்டியது அதற்கு உள்ளே. ஃபில்டர் உட்காரும் விளிம்பைத் தாண்டி, எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடைத்து எடுங்கள். துணி சுத்தமாக வந்தால் உள்ளே எல்லாம் சரி. பழுப்பாக ஒரு கோடு விழுந்தால், விரல்நுனியில் நறநறவென்று இரண்டு மணல் தட்டுப்பட்டால், அந்த எஞ்சினுக்குக் கெடு குறித்தாயிற்று. காரணம் எப்போதும் சில்லறை விஷயமாகத்தான் இருக்கும்: விளிம்பில் கிரீஸ் தடவவில்லை, ஃபோமைப் பெட்ரோலில் அலசியதால் ஒட்டு விட்டுப்போயிற்று, ஆயில் எல்லா இடத்திலும் இறங்கும்படி பிசையவில்லை, திருகை முழுதாக முடுக்கவில்லை.

அந்த மணல் முதலில் போய்ச் சேரும் இடம் இன்டேக் வால்வு. இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் அது டைட்டானியம்; எடை குறைவு என்பதால்தான் இத்தனை சுற்று சாத்தியமாகிறது. மேலே கடினமான மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். மணல் அந்தப் பூச்சை உரித்துவிட்டால் அடியில் இருக்கும் உலோகம் மெத்தென்றது; வால்வு தன் இருக்கைக்குள் மெல்ல மெல்ல அமிழத் தொடங்கும். டேப்பெட் இடைவெளி என்று மெக்கானிக் பார்ப்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அது குறைந்துகொண்டே வரும். ஒருமுறை ஷிம் என்ற சிறு வில்லையை மாற்றிச் சரிசெய்யலாம். அடுத்த முறை ஃபீலர் கேஜை உள்ளே விடும்போது இடைவெளி மறுபடியும் குறைந்திருந்தால் அந்த வால்வு முடிந்தது. அதற்குப் பிறகும் ஷிம் போட்டு ஓட்டுபவரின் வண்டி, சூடாக இருக்கும்போது கிளம்ப மறுக்கும். ஒருநாள் வால்வின் தலை உடைந்து பிஸ்டன்மேல் விழும். இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் நாடு வருகிறது?

வடிவமைப்புக்குப் பங்கு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் அது மாடலுக்கு மாடல், வருடத்துக்கு வருடம் மாறுவது. 2004-இல் வந்த ஹோண்டா சிஆர்எஃப் 250ஆர் வால்வு தேய்மானத்துக்குப் பேர்போனது; அதே காலத்தில் ஐந்து வால்வோடு ஓடிய யமஹா ஒய்இசட் 250எஃப் வால்வு விஷயத்தில் நல்ல பெயர் வாங்கியது. இரண்டும் ஜப்பான்தான். "ஜப்பான் வண்டி உழைக்கும்" என்ற சொல்லை நம்பி 2005-இல் கடைக்குப் போனவர் எதை எடுத்திருக்க வேண்டும்? அதே ஹோண்டா 1997-இல் அலுமினிய சேஸியை முதன்முதலில் தன் 250-க்குக் கொண்டுவந்தபோது கை வலிக்கும் அளவுக்கு விறைப்பாக இருக்கிறது என்று ஓட்டியவர்கள் புலம்பினார்கள்; பிற்பாடு எல்லா ஜப்பான் நிறுவனங்களும் அலுமினியத்துக்கே வந்து சேர்ந்தன. கேடிஎம் இன்றுவரை குரோம்-மாலி எஃகு சேஸியை விடவில்லை. ஒருகாலத்தில் அவர்களின் பந்தய வண்டிகளில் பின் ஷாக்குக்கு லிங்கேஜ் என்ற நெம்புகோல் இணைப்பு இல்லை; அதைப் பலர் குறைசொன்னார்கள். 2011 மாடலில் லிங்கேஜ் வந்துவிட்டது. ஆனால் 2009-இல் யாரோ சொன்ன குறையை இன்றைக்கும் ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஃபோர்க் கதை இன்னும் தெளிவானது. எடை குறைக்கலாம் என்று 2013 முதல் ஹோண்டா ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காற்றடைத்த ஃபோர்க்குக்குப் போனது. கவாசாகியும் சுஸுகியும் அந்த வழியே போயின. காலையில் அடித்த காற்று மதிய வெயிலில் மாறுவதும், சீல் போனால் முன்பக்கம் தொங்கிவிடுவதும் ஓட்டுபவர்களை வதைத்தன. 2017-இல் ஹோண்டாவும் பின்னர் மற்ற இருவரும் ஸ்பிரிங்குக்கே திரும்பினார்கள். கேடிஎம் காற்றிலேயே நின்று அதைச் செப்பனிட்டது. யமஹா மட்டும் 2006-இல் கொண்டுவந்த கேஒய்பி ஸ்பிரிங் ஃபோர்க்கை விட்டு அசையவே இல்லை. அதுவே இன்று வரை பலர் மெச்சும் ஃபோர்க். ஐந்தே வருடத்தில் ஒரு நிறுவனம் தன் வண்டியின் முன்பாதியை இரண்டு தடவை தலைகீழாக மாற்றுகிறது. அப்படியிருக்க, "ஹோண்டா ஃபோர்க் இப்படி" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்ல எவருக்கு உரிமை இருக்கிறது?

எல்லாவற்றையும் விட என்னை ஆச்சரியப்படுத்துவது மூன்று நிறங்களின் விவகாரம். கேடிஎம் ஆரஞ்சு, ஹஸ்க்வர்னா வெள்ளை, காஸ்காஸ் சிவப்பு. 2013-இல் ஹஸ்க்வர்னாவும் 2019-இல் காஸ்காஸும் கேடிஎம் குழுமத்தின் கைக்கு வந்தன. அதன் பிறகு இந்த மூன்றின் மோட்டோகிராஸ் வண்டிகளும் ஒரே எஞ்சின், ஒரே அடிப்படைச் சேஸி, ஒரே குழுமத்தின் டபிள்யூபி சஸ்பென்ஷன். வித்தியாசம் பிளாஸ்டிக்கிலும் ஹேண்டில்பாரிலும் சில அமைப்புகளிலும்தான். இருந்தும் ஹஸ்க்வர்னா உறுதியானது, கேடிஎம் பொல்லாதது என்று அனுபவித்தவர்போலப் பேசுகிறவர்கள் உண்டு. ஒரே பிஸ்டனைப் பற்றி இரண்டு தீர்ப்பு. இத்தாலியின் ஃபான்டிக் விற்கும் 250, 450 ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகள் யமஹாவின் ஒய்இசட் வண்டிகளை அடிப்படையாகக் கொண்டவை. "இத்தாலிய வண்டி, அடிக்கடி நின்றுபோகும்" என்று அதைத் தள்ளிவிட்டு, "ஜப்பான் வண்டி, கவலையே இல்லை" என்று யமஹாவை எடுப்பவர் வாங்குவது ஏறக்குறைய ஒரே எஞ்சினை.

நிறுவனத்தின் பெயருக்கு எந்த இடத்திலும் மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்பேர் கிடைப்பதில் அதற்கு மதிப்பு உண்டு. 2024 நவம்பரில் கேடிஎம் கடனில் மூழ்கி நீதிமன்றத்துக்குப் போனது. மாட்டிக்ஹோஃபன் தொழிற்சாலையில் உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. 2007 முதலே கூட்டாளியாக இருந்த நம் புனேயின் பஜாஜ் ஆட்டோ பணம் போட்டு 2025-இல் அதைத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த மாதங்களில் ஒரு கிளட்ச் பாஸ்கெட் அடுத்த வாரம் வருமா என்று கவலைப்பட்டவரின் கவலை நியாயமானது. ஆனால் அது கம்பெனியின் கணக்குப் புத்தகம் பற்றிய கவலை. அதே எஞ்சின் அதற்கு முந்தைய மாதமும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது.

மாறாமல் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. யமஹாவின் ஒய்இசட் 250 டூ ஸ்ட்ரோக் 2006-இலிருந்து 2022 வரை பெரிய மாற்றமே இல்லாமல் வந்தது. எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். பழைய வண்டியின் பாகம் புதியதற்குப் பொருந்தும். இதழ்கள் கடைசி இடத்தில் தள்ளிய அந்தக் கிக்கர் சுஸுகிக்கும் இதே அனுகூலம் இருக்கிறது. பழுதுபார்க்கச் சுலபம் என்பதையும் ஆயுள் என்ற கணக்கில் சேர்ப்பதானால், "பின்தங்கிய" வண்டிகள்தான் முன்னால் வரும். அந்தக் கோணத்தில் தரவரிசை போட எவரும் முன்வருவதில்லை.

இந்தப் பேச்சால் யாருக்கு நஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன். சாம்பியன் ஓட்டுவது 450, அதனால் மகனுக்கும் அதுவே என்று நினைக்கும் தகப்பனுக்கு நஷ்டம். அறுபது குதிரைத்திறனை ஒட்டிய சக்தியை 110 கிலோ வண்டிக்குள் வைத்திருக்கிறார்கள்; பந்தய வேகத்தில் அரைமணி நேரம் அதைப் பிடித்திருக்க உடம்பைப் பல வருடம் தயார்செய்திருக்க வேண்டும். கை அசந்துபோன நேரத்தில் த்ராட்டில் தானாகத் திரும்பும், வண்டி மேட்டிலிருந்து குறுக்காகப் பறக்கும். எந்த நிறம் என்று இரவெல்லாம் விவாதித்த வீட்டில், எந்த சிசி என்று ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது.

செகண்ட்ஹேண்ட் வாங்குபவருக்கு நஷ்டம் இன்னும் நேரடியானது. "ஹோண்டா சார், ஒண்ணும் ஆகாது" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் டேப்பெட் பார்க்காத இரண்டு வருடம் மறைந்திருக்கும். "கேடிஎம்மா, வேண்டாம்" என்று தள்ளிய வண்டியின் சொந்தக்காரர், மணிக்கணக்கையும் மாற்றிய பாகங்களையும் நோட்டில் தேதிபோட்டு எழுதி, ரசீதுகளையும் சேர்த்துவைத்த மனிதராக இருக்கலாம். அந்த நோட்டைக் கேளுங்கள். மணி காட்டும் மீட்டர் எப்போது பொருத்தப்பட்டது என்று கேளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் சூடான பிறகும் இரண்டு தடவை கிளப்பச் சொல்லுங்கள். ஃபில்டரை வெளியே எடுத்து அந்த வெள்ளைத் துணியை உள்ளே விடுங்கள். விற்பவர் தயங்கினால் அங்கேயே கிளம்பிவிடுங்கள், வண்டி எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும்.

ஒப்பீடு வேண்டாம் என்பது என் வாதம் அல்ல; ஒப்பீடு ஒழுங்காக நடக்க வேண்டும். ஒரு இதழாவது நிறுவனத்திடம் வண்டி கேட்டு வாங்காமல், யாருக்கும் சொல்லாமல் கடையில் போய் ஆறு வண்டியை விலைக்கு வாங்கட்டும். ஒரே எடையுள்ள ஓட்டிகள், ஒரே ஆயில், ஒரே ஃபில்டர் பராமரிப்பு. பாதி நேரம் மணலிலும் பாதி நேரம் களிமண்ணிலுமாக அறுபது மணி நேரம் ஓட்டட்டும். பிறகு எல்லா எஞ்சின்களையும் மேசைமேல் பிரித்து, பிஸ்டன் பாவாடையின் தேய்மானம், ரிங் இடைவெளி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு அமிழ்ந்தது, கனெக்டிங் ராடின் ஆட்டம், கிளட்ச் பிளேட்டின் கனம், ஃபோர்க் ஆயிலின் நிறம், இதற்கெல்லாம் கடையில் ஆன செலவு என்று அத்தனையையும் எண்ணாக அச்சிடட்டும். எந்த மாடல், எந்த வருடம் என்பதையும் தலைப்பிலேயே போடட்டும். அடுத்த வருடம் அந்த மாடல் மாறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கட்டும்.